எத்தனை பேர் தேறினார்கள்?

சென்ற மாதம் நமது சங்கத்தின் கல்விக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் வாரம் மூன்று நாள் மாலை வேளையில் நடந்து வரும் இலவசப் பாட வகுப்புக்கு ஆண்டுதோறும் பொருளுதவி செய்து வரும் பெரியவர் ஒருவர், "எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பது இருக்கட்டும். எத்தனை பேர் தேறினார்கள்? அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். கேட்டவரும் வியாபாரி, கேட்கப்பட்டவர்களும் வியாபாரிகள். ஆகையால் அந்தக் கேள்வி எவருக்கும் தவறாகப் படவில்லை. உண்மையைச் சொல்லப் போனால், கூட்டத்துக்கு முன் அவர் காதில் அந்தக் கேள்வியைப் போட்டு வைத்தவர்களே நாம்தாம்.

பேச்சு நீண்டது. முடிவில் ஒரு யோசனை எழுத்தில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் எஸ்.பி.எம். பரீட்சைக்கு உட்காரும் நமது பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேற வேண்டும். இலக்கை எட்டினால் ஆசிரியர்களுக்கு ஊக்கத் தொகை கொடுப்பது. எட்டாவிட்டால் வகுப்பைத் தொடர்ந்து நடத்துவதா என்று யோசிப்பது. சேர வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சிறு சோதனை ஒன்று வைத்து, தேறக் கூடியவர்களை மட்டும் சேர்த்துக் கொள்வது. இந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் நமக்கு நெஞ்சில் ஏதோ இடறிற்று. கடைக்குத் திரும்பியும் அது போகவில்லை. இரவு கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

நாம் பெரும் படிப்புப் படித்தவர்கள் அல்லர். மதரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும் போக, மற்றவையெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றவைதாம். ஆனால் நமது மகள் கல்லூரியில் நிருவாகப் பாடம் படிக்கிறாள். அவள் கொண்டு வரும் புத்தகங்களை அவள் வாசித்துப் பொருள் சொல்ல, நாம் கேட்டுக் குறித்துக் கொண்டவை சில. அவற்றையும் கடையில் நாம் பட்டவற்றையும் சேர்த்துத்தான் இங்கே வைக்கிறோம்.

கேள்வி இதுதான். ஒருவரிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அதற்குக் கணக்குக் கேட்பது ஒப்படைத்தவரின் உரிமை. அதில் சந்தேகமில்லை. சங்கப் பணம் அமானத். ஒவ்வொரு வெள்ளிக்கும் கேள்வி உண்டு. ஆனால் அந்தக் கணக்கை ஒரே ஓர் எண்ணாகக் கேட்பதும், அந்த எண் குறைந்தால் ஒப்படைக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குவதும் நியாயமா? அந்த எண்ணை எட்டுவதற்காக அவர் செய்யும் தவறில் நமக்குப் பங்கு உண்டா, இல்லையா?

இலக்கு வைத்து நிருவாகம் செய்வது என்பது இன்று அரசாங்க அலுவலகம் தொட்டு ஆரம்பப் பள்ளி வரை பேசப்படும் பேச்சு. இந்த முறைக்குப் பெயரும் உருவமும் கொடுத்துப் பரப்பியவர் பீட்டர் டிரக்கர் என்பவர். 1909-ல் வியன்னா நகரில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 2005-ல் காலமானவர். 1954-ல் அவர் வெளியிட்ட நிருவாக நூலில்தான் இது விரிவாக வருகிறது. அந்த நூலில் மூன்று கல்தச்சர்களைப் பற்றிய பழங்கதை ஒன்றை அவர் எடுத்தாளுகிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் முதல் ஆள், பிழைப்புக்கு வேலை செய்கிறேன் என்கிறான். இரண்டாம் ஆள் தலை நிமிராமலே, இந்த வட்டாரத்தில் என்னைப் போல் கல் கொத்துபவன் எவனும் இல்லை என்கிறான். மூன்றாம் ஆள், தேவாலயம் கட்டுகிறேன் என்கிறான். மூன்றாம் ஆளைப் புகழ்வதற்காகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது என்று நாம் எண்ணியிருந்தோம். டிரக்கரோ இரண்டாம் ஆளிடம்தான் ஆபத்து இருக்கிறது என்கிறார். முதல் ஆள் வாங்கும் கூலிக்கு ஒழுங்காக வேலை செய்து விடுவான். இரண்டாம் ஆள்தான், தன் உளி நன்றாக ஓடினால் போதும், கட்டடம் எப்படிப் போனாலும் கவலையில்லை என்று இருந்து விடுவான். ஆகவே ஒவ்வொருவருடைய வேலையும் மொத்தக் காரியத்தோடு இணையும்படி இலக்கு வைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அந்த அத்தியாயத்துக்கு டிரக்கர் இட்ட தலைப்பில் இலக்கு மட்டும் இல்லை. இலக்கும் சுயக் கட்டுப்பாடும் என்று இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதாவது இலக்கை வைப்பதில் வேலை செய்பவனுக்கும் பங்கு இருக்க வேண்டும். அளந்து பார்த்த விவரம் முதலில் அவன் கைக்கே வர வேண்டும். தன்னைத் தானே திருத்திக் கொள்ள அது உதவ வேண்டும். இதற்கு அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை உதாரணம் காட்டுகிறார். அந்தக் கம்பெனியின் கணக்காய்வாளர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு பிரிவுக்கும் சென்று துருவிப் பார்ப்பார்களாம். ஆனால் அவர்கள் எழுதும் அறிக்கை மேலதிகாரிக்குப் போகாதாம். அந்தப் பிரிவை நடத்துபவரிடமே போகுமாம். இதைக் கேட்டபோது நமக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைக்குக் கணக்குப் பார்க்க வந்தவர், சிப்பந்தியின் குறையைச் சிப்பந்தியிடமே சொல்லி, "சரி செய்து கொள் தம்பி" என்று போவது போன்றதல்லவா இது! உலகம் டிரக்கரின் பேச்சில் முதல் பாதியை எடுத்துக் கொண்டு மற்ற பாதியை விட்டு விட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. 1973-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் தம் அரசாங்க இலாகாக்களுக்கு இந்த முறையைக் கொண்டு வந்தார். நமது மலேசியாவில் 2009-ல் மந்திரிமார்களுக்கே கே.பி.ஐ. வைக்கப்பட்டது. சுயக் கட்டுப்பாடு என்ற சொல்லை அங்கெல்லாம் யாரும் பெரிதாகப் பேசி நாம் கேட்டதில்லை.

டிரக்கருக்கு வெகு காலம் முன்பே இங்கிலாந்து இதைச் செய்து பார்த்து விட்டது. 1862-ல் கல்வி இலாகாவுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் லோ என்பவர், ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுத்து வந்த மானியத்துக்குப் புதிய விதி செய்தார். ஒழுங்காக வரும் பிள்ளைக்குத் தலைக்கு 4 ஷில்லிங். அதற்கு மேல் 8 ஷில்லிங் உண்டு. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளையைச் சோதிப்பார். தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று. நமது ஆட்கள் சிட்டை போடுவது போல் எவ்வளவு துல்லியமான கணக்கு, பாருங்கள்!

லோவை நாம் கெட்டவர் என்று சொல்லி விடுவதற்கில்லை. அதற்கு முந்திய ஆண்டில், 1861-ல், ஓர் அரசாங்கக் குழு பள்ளிகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கெட்டிக்காரப் பெரிய பிள்ளைகளைக் கவனித்துக் கொண்டு கீழ் வகுப்புச் சிறுவர்களைக் கை விட்டு விடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் தலைக்கும் பணம் என்று வைத்தால் ஒரு பிள்ளையையும் விட மாட்டார்கள் என்பது லோவின் கணக்கு. பொதுப் பணத்துக்குப் பலன் கேட்டார். நமது பெரியவர் கேட்டதும் அதைத்தான்.

ஆனால் நடந்தது என்ன? இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே ஆண்டு முழுதும் பள்ளி நடந்தது. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொண்டும் வாசித்துக் காட்டினார்கள் என்று சொல்லப்படுவது உண்டு. பணம் வராத பாடங்களான பூகோளமும் சரித்திரமும் பின்னுக்குப் போயின. பள்ளிகளைச் சோதித்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவரும் கவிஞருமான மாத்யூ ஆர்னால்ட் இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கிக் கொண்டே எதிர்த்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1890-களில் அந்த முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. இதே போன்ற பரீட்சைப் பலன் மானியம் சென்னை மாகாணத்திலும் நடைமுறையில் இருந்தது. நமது பாட்டனார்களின் பாட்டனார்களுக்குத் திண்ணைப் பள்ளியில் நேர்ந்த அவதிகளுக்கு அதிலும் பங்கு இருந்திருக்கக் கூடும்.

இப்போது நமது கடைக் கதையைச் சொல்ல வேண்டும். வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சரக்குக் கொடுக்கும் ஒரு கம்பெனியார், பால்மாவு டின் மாதம் இத்தனை விற்றால் இத்தனை டின் இனாம் என்று சொன்னார்கள். கடைப் பையனைக் கூப்பிட்டு, "இந்த எண்ணிக்கையை எட்டினால் உனக்குத் தனியாக 50 வெள்ளி" என்றோம். முதல் மாதமே எட்டி விட்டான். இரண்டாம் மாதமும் எட்டினான். பையன் கெட்டிக்காரன் என்று பக்கத்துக் கடைக்காரரிடமெல்லாம் பெருமை பேசினோம். மூன்றாம் மாதம் வயதான மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் வந்தார். நமது அத்தா காலத்திலிருந்து நமது கடையிலேயே அரிசியும் சீனியும் வாங்குபவர். மாதக் கடைசியில் ஓய்வூதியம் வந்ததும் பற்றைத் தீர்ப்பவர். பையிலிருந்து நான்கு டின்களை எடுத்து மேசை மேல் வைத்து, "இவற்றை நான் கேட்கவில்லை. உன் பையன் ஒவ்வொரு முறையும் சாமானோடு வைத்து விடுகிறான். எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்று நினைத்தானோ என்னவோ" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பேரேட்டைப் புரட்டினோம். பற்று வைத்து வாங்கும் பத்துப் பன்னிரண்டு பேர் பக்கங்களில் அதே டின் ஏறியிருந்தது.

பையனைக் கூப்பிட்டுக் கத்தினோம். அவன் தலையைக் குனிந்து கொண்டு, "முதலாளி, நீங்க தினமும் டின் எத்தனை போச்சுன்னுதானே கேட்டீங்க? மக்சிக் என்ன சொன்னாங்கன்னு ஒரு நாளும் கேக்கலியே" என்றான். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தோம். அவன் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த அம்மாள் மட்டும் வந்து கொண்டிருந்தார். ஆனால் அன்று முதல் பையைப் பிரித்துப் பார்த்து விட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு முகம் சுருங்கும். நாற்பது ஆண்டு நாணயத்தை இனாம் டின்னுக்குக் கொடுத்தாயிற்று.

அவன் பிடித்தத்துக்கு உரியவன்தானா என்று நாம் பல நாள் யோசித்ததுண்டு. ஏமாற்றியது அவன் கை. யாரும் அந்தக் கையைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. ஆனால் 50 வெள்ளி அவனுக்குச் சிறு தொகையல்ல என்பதும், டின் எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆள் கடையில் இல்லை என்பதும் நமக்குத் தெரியும். எண்ணிக்கை ஏறியபோது நாம் கேள்வி கேட்கவில்லை. ஏறிய இலாபத்தை எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டோம். பிடித்தம் செய்வதாயிருந்தால் நமது பங்கிலிருந்தும் செய்திருக்க வேண்டும்.

இந்தக் கதையின் பெரிய வடிவம் அமெரிக்காவில் நடந்தது. 2002-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் காட்டாத பள்ளிகள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். எல்லாப் பிள்ளைகளும் என்றால் ஒருவர் பாக்கியில்லாமல்! நமது கூட்டத்தில் தொண்ணூறோடு நிறுத்திக் கொண்டது நல்லதாயிற்று. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. நகரமே கொண்டாடியது. பிறகு விடைத்தாள்களைச் சோதித்தபோது, தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்கள் அளவுக்கு மீறி இருந்தன. மாநில கவர்னர் வைத்த விசாரணையின் அறிக்கை 2011-ல் வெளிவந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-ல் மோசடி நடந்திருந்தது. ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 2015-ல் பதினொரு பேரைக் கோர்ட்டு குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்குப் போதிக்க வந்தவர்கள், கொள்ளைக் கூட்டத்தாரை வழக்கமாகப் பிடிக்கும் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றார்கள்.

அந்த அறிக்கையில் நம்மை வருத்திய விஷயம் வேறு. இலக்கை எட்டாதவர்களை அவமானப்படுத்துவதும், நடப்பதை வெளியே சொன்னவர்களைப் பழி வாங்குவதும் அங்கே வழக்கமாகியிருந்தது. என்றாலும் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆகவே, மேலிடம் நெருக்கியது, அதனால் அழித்தோம் என்பது முழுச் சமாதானம் ஆகாது. நெருக்கியவரின் பாவம், அழித்தவரின் பாவத்தைக் குறைப்பதில்லை. இரண்டும் தனித்தனிப் பற்று. ஒன்றை மற்றொன்றில் வரவு வைக்க முடியாது. அதுவும் போக, அழித்துத் திருத்திய விடைத்தாளால் உண்மையில் நஷ்டப்பட்டது யார்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று தாள் சொல்லிற்று. அதனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போயிற்று.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1976-லேயே இதை எழுதி வைத்தார். ஓர் எண்ணை வைத்து மனிதர்களுக்கு வெகுமதியும் தண்டனையும் எவ்வளவுக்கெவ்வளவு தீர்மானிக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த எண் கெடும், அது அளக்க வந்த காரியமும் கெடும் என்பது அவர் கருத்து. அதற்கு ஓராண்டு முன் இங்கிலாந்து வங்கியிலிருந்த சார்லஸ் குட்ஹார்ட் பண விவகாரத்தில் இதே போன்ற ஒன்றைச் சொல்லியிருந்தார். ஜப்பானியருக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்த டெமிங் என்ற அமெரிக்கரோ இன்னும் ஒரு படி மேலே போனார். தொழிற்சாலைகளில் எண்ணிக்கை இலக்குகளையே ஒழியுங்கள் என்றார். தம்முடைய 14 கோட்பாடுகளில் அதையும் ஒன்றாக வைத்தார். ஜப்பான் சாமானை விற்றுப் பிழைத்த நம்மவர்கள் அந்தச் சாமானின் தரத்தை அறிவார்கள்.

பள்ளிக்கூடம் மட்டுமன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு நகர ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் கவனிப்பாரற்றுத் தவித்ததை விசாரித்த குழு 2013-ல் அறிக்கை கொடுத்தது. நிருவாகத்தினர் இலக்குகளையும் பணக் கணக்கையும் பார்த்துக் கொண்டிருந்தார்கள், படுக்கையில் கிடந்தவரைப் பார்க்கவில்லை என்பதே அதன் சாரம். படித்தால் மனம் தாங்காது. ஆகையால் இதோடு விடுகிறோம்.

நமது நாட்டுக்கு வருவோம். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை 1988-ல் தொடங்கியது. நாமும் எழுதியவர்கள்தாம். பின்னாளில் தமிழ்ப் பள்ளிகளின் வாசலில் ஏழு 'ஏ' வாங்கிய பிள்ளைகளின் படங்கள் பெரிதாகத் தொங்கின. நமது சங்கமும் பரிசு கொடுத்தது. மாலை போட்ட படங்கள் அலுவலகத்தில் இன்றும் இருக்கின்றன. படத்தில் இல்லாத பிள்ளைகள் எந்த வகுப்பில், எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் எவரும் கேட்டதில்லை. 2014-ல் வினாத்தாள்கள் வெளியாகி, அறிவியலும் ஆங்கிலமும், பின் கணிதமும் தமிழும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருடி விற்கும் அளவுக்கு அந்த எண்ணுக்கு விலை ஏறியிருந்தது! 2021-ல் அந்தப் பரீட்சையே எடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிட்டு வந்தார்கள். 2004-ல் அதைத் தளர்த்தினார்கள். 2012-ல் தரப்பிரிவுப் பட்டியலையும் கைவிட்டார்கள். கணக்கில் அவர்களை விடக் கெட்டி யார்? அவர்களே அப்படிச் செய்தார்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் வாசிக்கும் அன்பர்களில் சிலர், "அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா?" என்று கேட்பார்கள். இல்லை, கேட்கத்தான் வேண்டும். கணக்குக் கேட்காதீர்கள் என்று சொல்பவரைக் கண்டால் நமக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றும். வியாபாரப் புத்தி அது. மேலே சொன்ன அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு நல்ல அம்சம் இருந்தது. பள்ளியின் மொத்தச் சராசரியை மட்டும் காட்டினால் போதாது. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஊனமுற்ற பிள்ளைகள் என்று தனித்தனியே காட்ட வேண்டும் என்று அது சொல்லிற்று. நல்ல பள்ளி என்று பேர் வாங்கியவை சில, உள்ளே யாரைக் கை விட்டிருந்தன என்பது அதனால் வெளிச்சத்துக்கு வந்தது. எண்ணாமல் இருந்திருந்தால் அது தெரிந்திராது. யூ.பி.எஸ்.ஆர். போன பின், "என் மகனுக்கு வாசிக்க வருகிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது?" என்று நமது கடையில் நின்று புலம்பிய தாய்மாரும் உண்டு. அவர்கள் கேட்டதும் நியாயமே.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நாம் நினைப்பதைச் சொல்கிறோம். தெரிந்து கொள்வதற்காக எண்ணுவது வேறு. கூலியும் தண்டனையும் கட்டி எண்ணுவது வேறு. கடையில் இருப்புக் கணக்கு எடுக்கும்போது எலி தின்ற மூட்டையையும் எழுதுகிறோம். ஏன்? எழுதினால் நம்மை யாரும் அடிக்கப் போவதில்லை. எழுதினவனுக்கு அடி விழும் என்று வைத்துப் பாருங்கள். மறு ஆண்டு நமது கடையில் எலியே இருக்காது, ஏட்டில்!

இன்னொன்று, பொறுப்பு என்பது கைக்கு எட்டியதற்குத்தான். அரிசி விலை ஏறினால் சிப்பந்தியை யாரும் கேட்பதில்லை; மூட்டையை மழையில் நனைய விட்டால் கேட்கிறோம். பிள்ளை தேறுவதில் ஆசிரியருக்குப் பங்கு உண்டு. ஆனால் தகப்பனின் சம்பளத்துக்கும், வீட்டில் இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பதற்கும், அதற்கு முந்திய பத்து ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு. ஆசிரியர் வந்தாரா, சொல்லிக் கொடுத்தாரா, பிள்ளைக்குப் புரியவில்லை என்று கண்டபோது வேறு வழியில் சொல்லிப் பார்த்தாரா? இவற்றுக்கு அவரை நிறுத்திக் கேட்கலாம், கடுமையாகவே கேட்கலாம். ஆனால் இப்படிக் கேட்க வேண்டுமானால் நாம் மேல்மாடிக்கு ஏறிப் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சதவீதம் கேட்பதற்குக் கீழேயிருந்து ஒரு போன் போதும். எண் நமக்குப் பிரியமாக இருப்பதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம் என்பதை ஒப்புக் கொள்வோம்.

மதரஸாவில் நமக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாத் ஒருவரை இந்த இடத்தில் நினைத்துக் கொள்கிறோம். தகப்பன்மார் வந்து, "பையன் எத்தனை ஜுஸ்வு முடித்தான்?" என்று கேட்பார்கள். அவர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். பையனைக் கூப்பிட்டு, "வாப்பாவுக்கு ஓதிக் காட்டு" என்பார். தகப்பன் நின்று கேட்டாக வேண்டும். கடையை விட்டு வந்தவர்கள் சிலர் நெளிவார்கள். சிலர் கேட்டு, எங்கே தடுக்கிறது என்று தெரிந்து கொண்டு போவார்கள். மற்றொரு மதரஸாவில் மாதத்துக்கு இத்தனை பக்கம் என்று வைத்துப் பிள்ளைகளை ஓட்டினார்கள் என்றும், ஓடிய பிள்ளைகள் பின்பக்கத்தை மறந்து கொண்டே முன்பக்கத்துக்குப் போனார்கள் என்றும் அந்நாளில் பேச்சு உண்டு.

இனி நமது மேல்மாடி வகுப்பு. அதில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். தகப்பனார் சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை. வயது பதினைந்து, வந்து சேர்ந்தபோது மலாய்ப் பாடத்தில் ஒரு பத்தியை முழுதாக வாசிக்கத் திணறினான். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் சரித்திரத்திலும் தேற வேண்டும் என்பது அன்பர்கள் அறிந்ததே. புதிய யோசனை நிறைவேறினால், சோதனையில் முதலில் வெளியே நிற்கப் போகிறவன் அவன்தான். அவனை வெளியே விட்டால் நமது சதவீதம் ஏறும். தொண்ணூறு என்ன, தொண்ணூற்றைந்தே எட்டலாம். வெளியே பணம் கொடுத்துப் படிக்க வசதியுள்ள நான்கு பிள்ளைகளை அவன் இடத்தில் சேர்த்தால் நூறும் எட்டலாம். ஆண்டறிக்கையில் அச்சிட்டால் அழகாக இருக்கும். அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த வகுப்பு தொடங்கப்பட்டது என்று ஆரம்பக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியதும் நாமே. மக்சிக்கின் பையில் ஏறிய டின் போல் இந்தப் பையனும் நமது எண்ணுக்காகக் கணக்கில் ஏறவோ இறங்கவோ போகிறான்.

அங்கே பாடம் சொல்லும் ஆசிரியையிடம் சென்ற வாரம் போய் விசாரித்தோம். அவர் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளைக்கு இரண்டு பக்கம். ஜனவரியில் என்ன வரவில்லை, இப்போது என்ன வருகிறது, எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பையனின் பக்கத்தில் ஜூன் மாதத்தில், "பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தானே வாசித்தான், இரண்டு இடத்தில் நின்றான்" என்று இருந்தது. யாருக்காக இதை எழுதுகிறீர்கள் என்று கேட்டோம். "எனக்காகத்தான். யாரும் கேட்டதில்லை" என்றார்.

பணம் கொடுக்கும் பெரியவரிடம் போய், கேள்வியைத் தூண்டியது நாமே என்பதையும், இப்போது நமக்கு ஏற்பட்டுள்ள சங்கடத்தையும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. ஆனால் ஒப்புக் கொள்ளவும் இல்லை. "பையன் தேறவே மாட்டான் என்றால் அதையும் சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும், தம்பி" என்றார். அது சரியான பேச்சு. அதற்கு நம்மிடம் பதில் தயாராக இல்லை. கடைசியில், ஊக்கத் தொகையும் நுழைவுச் சோதனையும் இல்லாமல், ஆண்டுக்கு இரு முறை குழுவினர் இருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது, நோட்டுப் புத்தகத்தை ஆசிரியையோடு சேர்ந்து வாசிப்பது, தேறியவர் தேறாதவர் இருவரின் எண்ணிக்கையையும் மறைக்காமல் ஆண்டறிக்கையில் போடுவது என்று மாற்று யோசனை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலில் உட்கார்ந்து பார்க்கும் இருவரில் ஒருவராகப் பெரியவர் வர இசைந்திருக்கிறார். தமது வாக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டு யோசனைகளும் அடுத்த குழுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகின்றன. ஆசிரியையின் அனுமதியோடு அந்த நோட்டுப் புத்தகம், பிள்ளைகளின் பெயர்கள் மறைக்கப்பட்டு, சங்க அலுவலகத்தில் இருக்கும். கடையை ஒரு மணி நேரம் யாரிடமாவது விட்டு விட்டு வரக் கூடிய அங்கத்தினர்கள் வாக்களிக்கும் முன் அதைப் பார்த்து விட்டு வரும்படி கேட்டுக் கொள்கிறோம்.